சாக்கில் இருந்த நாடு

கள்ளக்குறிச்சி
18.2.2023

மலைநாட்டு மகாராணியும், வெள்ளிமலை மிளகு விவசாயிகள் குழுவின் மேனேஜரும், என் தங்கை ஷர்புன்னிசாவின் ஒரே வாரிசுமான தாஹிராவுக்கு, கடைத்தெருவில் நாற்பது வருடமாக மிளகையும் மனிதர்களையும் எடை போட்டுக்கொண்டிருக்கும் மாமா ஷேக் பரீத் ஸலாம் சொல்லி எழுதுவது.

நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் நலமாக இல்லை. சொந்த மருமகளே தன் போனில் மாமன் நம்பரை பிளாக் செய்து அடைத்துப் போட்ட பிறகு எந்த மாமன் நலமாக இருப்பான்? ஆயிரத்து எழுநூறு தடவை அடித்துப் பார்த்தேன். போன் சூடாகி, உன் மாமி அதன் மேல் இரண்டு தோசை வார்த்துவிட்டாள். போஸ்ட் ஆபீசில் போய்க் கவர் கேட்டால், அங்கே இருந்த பெண் என்னைக் கல்வெட்டிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நடந்ததை உன் அம்மா சொன்னாள். உங்கள் குழுவின் மிளகு லாரி சென்னைக்குப் போனதும், ஏற்றுமதிக் கம்பெனி குடோனில் மூட்டையை இறக்கியவன் சாக்கில் இங்கிலீஷில் ‘வியட்நாமில் விளைந்தது’ என்று போட்டிருப்பதைப் படித்ததும், இந்தியச் சரக்கு என்று சொல்லி வெளிநாட்டுச் சரக்கைத் தள்ளுகிறீர்கள் என்று கம்பெனிக்காரன் அதிகாரியைக் கூப்பிட்டதும், எல்லாம் தெரியும்.

அந்தச் சாக்குகள் நான் கொடுத்தவை. மறுக்கவில்லை. டிசம்பரில் உங்களிடம் நல்ல சாக்கு இல்லை என்று நீ மூக்கைச் சிந்தினாய். கர்ணன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தான். நான் கடையில் கிடந்ததைக் கொடுத்தேன். நாற்பது சாக்கு, உள்ளே பிளாஸ்டிக் பை வைத்தது, யானை ஏறி மிதித்தாலும் தையல் விடாதது. குழுத் தலைவி சின்னப்பொண்ணு அம்மா கையில் முதல் சாக்கைக் கொடுத்துப் போட்டோகூட எடுத்தோம். இன்று அந்தத் தானமே குற்றமாகிவிட்டதா?

ஒன்று கேட்கிறேன். எங்கள் கடைத்தெருவில் பழஞ்சாக்கை உள்புறம் வெளியே வரும்படி திருப்பித்தான் ரொப்புவோம். சாக்குக்கே தான் காலியானது தெரிவதற்குள் திருப்பிவிடுவோம். உங்கள் மலையில் அதைத் திருப்பாமல் கட்டச் சொன்ன மேதை யார்?

உன் மாமா
ஷேக் பரீத்


வெள்ளிமலை
21.2.2023

மாமா,

வ அலைக்கும் ஸலாம். மகாராணியும் வேண்டாம், மேனேஜரும் வேண்டாம். போனில் பேசினால் என்னைச் சிரிக்கவைத்து விஷயத்தைக் கடத்திவிடுவீர்கள். அதனால்தான் அடைத்தேன். எழுத்தில் சொல்லுங்கள். எழுதினதை அப்புறம் மாற்ற முடியாது.

அந்த மேதை நான்தான். பெண்கள் சாக்கைத் திருப்பத்தான் போனார்கள். எழுத்தை மறைத்துக் கட்டினால் திருட்டுச் சரக்கு மாதிரி இருக்கும், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று நான் தடுத்தேன். உள்ளே இருப்பதைத்தான் பார்ப்பார்கள், சாக்கையா படிப்பார்கள் என்று நினைத்தேன். என் தப்பு. அதை நான் இங்கே நாற்பத்துமூன்று வீட்டிலும் ஏறி இறங்கிச் சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். அதிகாரி சத்தம் போடவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். வெளியிலிருந்து வரும் சரக்கில் எந்த நாடு என்று கட்டாயம் போட வேண்டும், அது சட்டம். அதனால் ஒரு சாக்கில் ஒரு நாட்டின் பெயர் இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கிற வரைக்கும் உள்ளே இருப்பது அந்த நாட்டுச் சரக்குதான் என்றார். நான் மரத்தின் போட்டோவைக் காட்டினேன், கொடியின் போட்டோவைக் காட்டினேன். கொடி சாக்குக்குள் இல்லையே அம்மா என்றார்.

‘இது எங்கள் மலையில் விளைந்தது’ என்ற உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டது சின்னப்பொண்ணு அக்கா. அது பொய் என்று முடிவானால் வழக்கு அவள் பேரில்தான். மார்ச் 14 காலையில் அவள் சென்னையில் ஆஜராக வேண்டும். அதற்கு மேல் கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான். இந்த வருடம் மட்டுமில்லை, இனி எந்த வருடமும் இந்த மலை மிளகை வாங்க மாட்டான்.

அதிகாரி கேட்டது இரண்டே தாள். ‘சாக்கு என் கடையில் காலியானது, காலியாகத்தான் மலைக்குப் போனது’ என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று. சாக்கில் முதலில் இருந்த மிளகை நீங்கள் மொத்த வியாபாரியிடம் வாங்கிய பில் ஒன்று. பத்து வரிகூட வராது. கதை எழுதாமல் அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

தாஹிரா


கள்ளக்குறிச்சி
24.2.2023

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தபோது கையில் சூடுபட்டது. உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் திருக்கோவிலூர் பெண்ணையாற்றில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும். நீ அவளுடைய மகள்தான், சந்தேகமில்லை.

சின்னப்பொண்ணு அம்மாவுக்காக நான் எதையும் செய்வேன். புதுச் சாக்கு நானூறு அனுப்புகிறேன், ஜரிகை வைத்துத் தைத்தது. பதினாலாம் தேதி நானே கள்ளக்குறிச்சியிலிருந்து நூறு வேன் பிடித்து, இந்தக் கடைத்தெருவில் மூக்குள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொருவனும் மோந்து பார்த்துச் சாட்சி சொல்லட்டும். அதிகாரிக்கு உன் மாமி கையால் ஒரு அண்டா பிரியாணி. அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் வியட்நாம் என்று ஒரு நாடு இருப்பதையே மறந்துவிடுவார்.

ஆனால் நீ கேட்கிற அந்த பில்தான் அகப்படவில்லை. எலி தின்றுவிட்டது. எலி என்றால் நீ நினைக்கிற எலி இல்லை. ஆட்டுக்குட்டி உயரம். நேற்று அதற்கும் எனக்கும் நேருக்கு நேர் யுத்தம் நடந்தது. பில்லை வாயில் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

பில் இல்லாமல் வெறும் கடிதம் கொடுத்தால் மதிப்பில்லை. மதிப்பில்லாத கடிதத்தை ஷேக் பரீத் எழுதுவானா? அதனால்தான் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்லுகிறேன். நாடு நாடு என்று இவர்கள் ஏன் உயிரை வாங்குகிறார்கள்? ரசத்தில் போட்டால் காரம் ஏறுகிறதா என்று கேட்பானா, நீ எந்தத் தாலுகா என்று மிளகைக் கேட்பானா? மிளகுக்கு ரேஷன் கார்டு கேட்கிற காலம் வந்துவிட்டது.

வேறு எது வேண்டுமானாலும் கேள்.

மாமா


வெள்ளிமலை
1.3.2023

மாமா,

வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குள் நேற்று ஒன்று நடந்தது. அது உங்களுக்கும் தெரியும், பாதிதான் தெரியும்.

சின்னப்பொண்ணு அக்கா என்னிடம் சொல்லாமல் முதல் பஸ்ஸில் இறங்கி உங்கள் கடைக்கு வந்தாள். நாற்காலி போட்டீர்களாம். டீ வந்ததாம், சமோசா வந்ததாம். ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் பாய் என்று அவள் மூன்று தடவை கேட்டாளாம். மூன்று தடவையும் மூன்று கதை சொன்னீர்களாம். மூன்றாவது கதையில் ஒரு மொகலாய ராஜாவே வந்தாராம். கையெழுத்து மட்டும் வரவில்லை.

நீங்கள் பில் தேடுகிற மாதிரி பின்கட்டுக்குப் போனபோது, அக்கா உங்கள் ரேக்கைப் பார்த்திருக்கிறாள். வரிசையாகப் பாக்கெட். ‘கல்வராயன் மலை மிளகு, நூறு கிராம்.’ அதன் மேல் அவள் முகம். சாக்கு கொடுத்த அன்று எடுத்தீர்களே, அந்தப் போட்டோ. கையில் பிடித்திருந்த சாக்கை வெட்டிவிட்டு, பின்னால் மலையை வரைந்து வைத்திருக்கிறீர்கள். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்ததாம். என் மூஞ்சியைப் போட்டிருக்கிறார்களே என்று மாமியிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மாமிக்கு ஒன்றும் தெரியாது, எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ்ஸில் அதைப் பிரித்து நாலு மிளகை வாயில் போட்டிருக்கிறாள். இங்கே இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். என் மேஜை மேல் பாக்கெட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: “நம்ம மெளகுல வாசம் முன்னாடி வரும் கண்ணு, காரம் பொறவு வரும். இதுல காரம் மட்டும் ஓடியாந்துட்டு நின்னுபோச்சு. இது நம்ம மலையோடது இல்ல. என் மூஞ்சிய வச்சிக்கினு எத விக்கிறாரு அவரு?”

நான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் கடைப் பெயர் இருக்கிறது, எடை இருக்கிறது, தேதி இருக்கிறது. நாடு இல்லை. இறக்குமதி செய்தவன் பெயர் இல்லை.

இப்போது புரிகிறது, பில்லைத் தின்ற எலி எது என்று. பில்லைக் கொடுத்தால் அதிகாரி அடுத்த கேள்வி கேட்பார்: நாற்பது சாக்கு காலியானது சரி, உள்ளே இருந்தது எங்கே போனது?

மலையில் விளைந்த மிளகு வியட்நாம் சாக்கில் இருந்ததற்காகச் சென்னையில் பிடிபட்டு நிற்கிறது. வியட்நாம் மிளகு மலைக்காரி முகத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு உங்கள் கடையில் விற்கிறது. உங்களுக்குக் கூசவில்லையா மாமா?

தாஹிரா


கள்ளக்குறிச்சி
4.3.2023

தாஹிரா,

இந்தக் கடிதத்தில் பட்டம் கிடையாது. நீ கேட்டாய், நான் சொல்கிறேன். சொன்ன பிறகு நீ என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது.

உங்கள் மலை மிளகு பொங்கலுக்குப் பிறகு இறங்கும். வந்த வேகத்தில் தீரும். மீதி மாதமெல்லாம் நான் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலில் படுத்துக்கொள்வதா? நானாக ஒன்றும் போர்டு எழுதி மாட்டவில்லை. வாங்க வருகிறவன்தான் கேட்டான், “மல மெளகுதான பாய்?” இல்லை என்றேன். எதிர்க்கடைக்குப் போனான். எதிர்க்கடைக்காரனும் அதே மாதிரி வியட்நாம் சாக்கிலிருந்துதான் அள்ளினான், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே. இப்படி ஒரு வருடம் பார்த்தேன். ஒரு நாள் ஒரு பொம்பளை கேட்டபோது நானும் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை, ஆட்டினேன், அவ்வளவுதான். அந்த ஆட்டல்தான் பிறகு பாக்கெட் ஆனது. அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது. போட்டோ கையில் இருந்தது.

கூசவில்லையா என்று கேட்கிறாய். உன் அப்பா மவுத்தானபோது நீ பிளஸ் டூ. அதற்கு மேல் உன்னைப் படிக்கவைத்தது எந்த மிளகு? உன் பி.காம். எந்த நாட்டில் விளைந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அதில் லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாயா?

ரம்ஜானில் ஏழைகளுக்குக் கொடுக்கிற பித்ரா அரிசி அளக்க இந்த ஊரில் என் கையைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்டை என்னிடம்தான் கொடுக்கிறார்கள், விலைகூடக் கேட்காமல். அந்தப் பில்லை நான் நீட்டிய மறுநாள் அவர்களெல்லாம் என்னை என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ மலை மேல் இருக்கிறாய். நான் இந்தத் தெருவில் இருக்கிறேன்.

பில் இருக்கிறது. எலி எதுவும் இல்லை. கொடுக்க மாட்டேன்.

ஷேக் பரீத்


வெள்ளிமலை
8.3.2023

மாமா,

என் படிப்பைச் சொல்லிக் காட்டிவிட்டீர்கள். சரி. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடனுக்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றால், அந்தச் சர்டிபிகேட்டை உங்கள் கடைக்கே அனுப்பிவிடுகிறேன், பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

சின்னப்பொண்ணு அக்காவிடம், அதிகாரியிடம் உங்கள் பெயரைச் சொல்லு என்றேன். மாட்டேன் என்கிறாள். உங்கள் மேல் பாசம் என்று நினைக்காதீர்கள். அவள் சொன்னது இதுதான்: “அவரு பேர சொன்னா நாளைக்கி கீழ எவன் நமக்கு ஒரு சாக்கு குடுப்பான்? மலைக்காரி காட்டிக் குடுத்துட்டான்னு கடைத்தெரு பூரா பேசும். சந்தையில கெடந்தத பொறுக்கினோம்னு சொல்லிட்டுப் போறேன்.”

நாற்பது சாக்கு சந்தையில் கிடந்ததா என்று கேட்டால் அவளுக்குப் பதில் இல்லை. அந்தப் பொய்யோடு அவள் சொன்ன உண்மையும் சேர்ந்து போய்விடும். அவள் வழக்கில் மாட்டுவாள், நாற்பத்துமூன்று வீட்டுச் சரக்கும் அங்கேயே கிடக்கும். மலைக்காரர்கள் ஏமாற்றுகிறவர்கள் என்று ஒரு காகிதத்தில் ஏறிவிடும். அவர்களுக்கு இருக்கிற ஒரே விளம்பரம், அவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்பதுதான். அதைத்தானே நீங்களும் பாக்கெட்டில் போட்டு விற்றீர்கள்?

நானும் கூடப் போகிறேன். உங்கள் பெயரை நான் சொல்வேன். மருமகள் பேச்சு சாட்சியாகாது என்று எனக்கே தெரியும். சொல்லத்தான் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை, 14ஆம் தேதி, காலை பத்தரை மணி. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பதில் வேண்டாம்.

தாஹிரா


கள்ளக்குறிச்சி
19.3.2023

தாஹிராவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்த ஆபீசில் நான் படியேறி வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாய். அதனால் மேஜையில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். கள்ளக்குறிச்சி மாநகரில் மூன்று தலைமுறையாக நறுமணப் பொருள் வாணிபத்தில் கொடி நாட்டி, என்று தொடங்கினேன். அவர் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். வேறு தாள் கொடுத்தார். “பெரியவரே, சாக்குல இருந்தது இன்னா நாடு, அது எங்க போச்சு. அத மட்டும் எழுதுங்க” என்றார்.

அரை மணி நேரம் எழுதினேன். ஆறு வரிதான் வந்தது. நகல் கேட்டு வாங்கினேன். நீயும் ஒன்று வைத்துக்கொள்:

‘நாற்பது சாக்கு மிளகு மொத்த வியாபாரியிடம் வாங்கினேன். பில் இணைத்துள்ளேன். அது வியட்நாம் மிளகு. அதைச் சாக்கிலிருந்து டிரம்மில் கொட்டிவைத்து, என் கடையில் நூறு கிராம் பாக்கெட்டாகப் போட்டு, நாட்டின் பெயர் எழுதாமல், கல்வராயன் மலை மிளகு என்று விற்றேன். காலிச் சாக்குகளை வெள்ளிமலைக் குழுவுக்கு இனாமாகக் கொடுத்தேன். சாக்குகளில் இப்போது இருப்பது என் சரக்கு இல்லை, அவர்கள் சரக்கு.’

உங்கள் சரக்கு அன்றே விடுபட்டது. என் கடைக்கு வியாழக்கிழமை அந்த ஆபீசிலிருந்து ஆள் வந்தது. இரண்டு பாக்கெட் மாதிரிக்கு எடுத்துக்கொண்டார்கள், அபராதம் எழுதினார்கள், பொய் லேபிளை எடுத்து நாட்டின் பெயர் ஒட்டிய பிறகுதான் மீதியை விற்கலாம் என்று சொன்னார்கள். எதிர்க்கடைக்காரன் படியில் நின்று முழுவதையும் வேடிக்கை பார்த்தான். அவனும் அதே சாக்குதான். என்னைக் கேட்டார்கள், அவனைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைத்தெருவில் இப்போது எனக்கு வியட்நாம் பாய் என்று பெயர். நேற்று லுஹர் தொழுகைக்குப் போனபோது பள்ளிவாசலில் ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், இந்த வருடம் பித்ரா அரிசி அளக்க வேறு ஆள் பார்த்திருக்கிறார்களாம்.

எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. அந்த ஜன்னலில் அப்படி என்ன இருந்தது? ஒரு தடவை திரும்பியிருக்கலாம். பெருநாளைக்கு வந்தால் மாமியிடம் சாப்பிட்டுவிட்டுப் போ. நான் கடையில் இருப்பேன்.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. நேற்று சாயங்காலம் சின்னப்பொண்ணு அம்மா வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தாள்.

“பாக்கெட்ட எடுத்துப் போடு பாய்” என்றாள்.

போட்டேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயைப் பிரித்து, மிளகைச் சாக்கில் கொட்டி, பாக்கெட்டிலிருந்து தன் முகத்தை மட்டும் சுற்றிவர வெட்டி எடுத்தாள். அவசரப்படவில்லை. ஒரு முகத்தில்கூடக் காது குறையவில்லை. நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் என் கையைப் பார்த்தாள். தள்ளி நின்றுகொண்டேன். வாங்க வந்தவர்களெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாமானும் கேட்கவில்லை, போகவும் இல்லை. எதிர்க்கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டான்.

முடிந்ததும் முகங்களை அடுக்கி மடியில் முடிந்துகொண்டு எழுந்தாள். “இப்ப வித்துக்க” என்றாள். கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எத்தனை முகம் என்று நீ கேட்பாய். பத்தாயிரம் என்று எழுதத்தான் கை வருகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு. நான் நின்று எண்ணினேன்.

ஷேக் பரீத்